ஒரு கால் குட்டையான நாற்காலி

இந்த அறையில் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன. உட்கார்ந்ததுமே கவனித்தேன். நாலு காலும் தரையில் பதிந்து நிற்கின்றன. வேண்டுமென்றே கொஞ்சம் அசைந்து பார்த்தேன், முனகக்கூட இல்லை. விசாரணை அறை என்றதும் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் இருக்கிறது, காற்று வருகிறது, டீயும் சூடாக வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஐயா, நாம் நாற்காலியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். என் அலுவலகத்திலிருந்து நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த பொருள்களில் உருப்படியானது அது ஒன்றுதான். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்திலிருந்து என் போக்கில் சொல்ல விடுங்கள். நடுவில் புகுந்து கேள்வி கேட்டால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

நான் ஆள் எடுப்பவன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. இந்த ஊரில் நீங்கள் ஏறி இறங்கும் லிஃப்டுகளில் பாதி எங்கள் ஆட்கள் கை வைத்தவை. கீழே இந்தக் கட்டடத்தில் இருப்பதும் எங்களுடையதுதான். பயப்படாதீர்கள், அது புது மாடல்.

மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். கட்டடம் வாடகைக்குக் கிடைக்கும், வண்டி தவணையில் கிடைக்கும். ஒரு கம்பெனி ஓடுமா படுத்துவிடுமா என்பதை வாசலில் நின்று யாரை உள்ளே விடுகிறோம், யாரைத் திருப்பி அனுப்புகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை நான் சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. படுத்துக் கிடந்த கம்பெனியை நான் எழுந்து ஓட வைத்தேன். எங்கள் முதலாளியைக் கேட்டுப்பாருங்கள், அவர் வாயாலேயே சொல்வார்.

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவரை நாங்கள் பெரியசார் என்போம். நான் அவருக்கு உதவியாளன். நேர்முகத் தேர்வு நடக்கும் அறையில் வந்தவர்கள் உட்கார ஒரு மர நாற்காலி. அதன் முன்கால் ஒன்று எப்போதோ சிராய் விட்டு ஒரு விரல் தடிமன் குறைந்துபோயிருந்தது. கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் டொக். பின்னால் சாய்ந்தால் இன்னொரு டொக். மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொன்னோம், யாரும் மாற்றவில்லை. அலுவலகம் என்றால் அப்படித்தானே.

ஒரு நாள் மெக்கானிக் வேலைக்கு ஒருவர் வந்தார். உட்கார்ந்தார், டொக். பெரியசார் முதல் கேள்வியை ஆரம்பிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் சார். இது ஆடுது."

எழுந்தார், நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து உடைத்து அந்தக் காலின் அடியில் சிராய் விட்ட பிளவில் இறுக்கிச் செருகினார், திருப்பி வைத்து உட்கார்ந்து பார்த்தார். "இப்பக் கேளுங்க சார்" என்றார்.

பெரியசார் எதுவுமே கேட்கவில்லை. "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த ஆளுக்குப் பெயர் ஆப்பு. கம்பெனியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பெரியசாருக்கு அது ஒரு பைத்தியமாகிவிட்டது. ஆப்பு வைத்த பென்சில் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வருகிறவர்களை எல்லாம் அதில் உட்காரவைத்துப் பார்ப்பார். 'ஆடுது' என்று வாயைத் திறந்தவருக்கு வேலை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, 'தகவல் சொல்கிறோம்.'

அப்படி எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா. கயிறு தேய்ந்திருக்கிறது மாற்ற வேண்டும் என்பார் ஒருவர். கதவு உரசுகிறது என்பார் இன்னொருவர். இந்தக் கட்டடத்து லிஃப்டை நிறுத்திவிட்டேன், பாகம் வரும்வரை ஓட்டமாட்டேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார் மூன்றாமவர். காலையில் ஆரம்பிக்கும் கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் முடியும். எங்கள் தொழிலில் கட்டடக்காரர் வருடத்துக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு மாற்றுகிற ஒவ்வொரு பாகமும் எங்கள் கைக்காசு. ஆக, ஒரு மெக்கானிக் வாயைத் திறந்தால் கம்பெனிக்கு ஒரு ஓட்டை. முதலாளி முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

பெரியசார் ஓய்வுபெற்றுப் போனார். அவருடைய மேசை, அவருடைய பேனா, அந்த நாற்காலி எல்லாம் எனக்கு வந்தன.

முதல் தேர்விலேயே ஒரு பெண் வந்தாள். நல்ல படிப்பு, நல்ல அனுபவம், கையெல்லாம் கிரீஸ், காய்ப்பு. உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"சார், இதை முதல்ல வெளிய தூக்கிப் போடுங்க. யாராவது கவுந்து விழுந்து பல்லு போச்சுன்னா யாரு பொறுப்பு?"

நல்ல பெண். சிரிப்பு வந்தது எனக்கு. நன்றி சொல்லி, தகவல் சொல்கிறோம் என்று அனுப்பினேன்.

அடுத்து வந்தவர் கொஞ்சம் பருத்த ஆள். டொக், டொக் என்று ஆடிக்கொண்டே பதில் சொன்னார், நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஒரு கேள்விக்கு உற்சாகமாக முன்னால் வந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். மூக்கில் ரத்தம். எழுந்தார், நாற்காலியைத் தூக்கி இருந்த இடத்திலேயே வைத்தார், என்னைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சார், என் தப்புதான்" என்றார்.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இன்று அவர்தான் எங்கள் மேற்பார்வையாளர். உங்களிடமும் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருப்பார்.

இப்படித்தான் நான் சோதனையைத் திருப்பிப் போட்டேன். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பெரியசார் கதவைத் திறந்தவர்களுக்கு நான் மூடினேன், அவர் மூடியவர்களுக்குத் திறந்தேன். யாரையும் ஏமாற்றவில்லை. நாற்காலி ஆடும், அவ்வளவுதான். அதைப் பற்றி நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

போகப்போக எனக்குக் கண் பழகிவிட்டது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் தொடையை இறுக்கிக்கொண்டு, ஒரு குதிகாலை உயர்த்திக்கொண்டு, நாற்காலி சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வார்கள். முகத்தில் சிரிப்பு இருக்கும், கழுத்தில் வியர்வை இருக்கும். ஏன் இப்படி என்று விசாரித்துப் பார்த்ததில், வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருப்பார்கள், இல்லையென்றால் வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் நாலைந்து இடத்தில் வேலை போய் வந்திருப்பார்கள். தேவை அதிகமானால் குதிகால் இன்னும் நன்றாக உயர்கிறது. அதைக் கண்டுகொண்ட பிறகு விண்ணப்பத்தைப் படிக்கும்போதே எனக்குப் பாதி வேலை முடிந்துவிடும். யாருமே சேர்க்காதவர்களுக்கு நான் வேலை கொடுத்தேன் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனி எப்படி மாறியது என்கிறீர்கள். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். 'ஏதாவது சொல்லணுமா?' என்று கேட்டால் தலைகள் ஒரே மாதிரி இடமும் வலமும் ஆடும். உதிரிபாகக் கிடங்கில் தூசி படிந்தது. பெரியசார் எடுத்தவர்களைச் சின்னச் சின்னக் காரணம் சொல்லி ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினேன். லாபம் ஏறியது. முதலாளி புது வண்டி வாங்கினார். ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "ஆள் எடுக்கறதுன்னா இந்தாள மாதிரி எடுக்கணும்யா" என்று சொல்லிக் கேடயம் கொடுத்தார். என் மனைவி அதை டிவிக்கு மேலே வைத்திருக்கிறாள். இப்போது வைத்திருக்கிறாளோ என்னவோ.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே மகள். ஒரு பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் கட்டும் வேலை. கெட்டிக்காரி. நான் சொன்னதைத் தட்டமாட்டாள். ஒரு நாள் திடீரென்று, ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லட்டுமா என்று கேட்டாள். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவராம். கடை நொடித்துப்போய் இப்போது சும்மா இருக்கிறாராம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வண்டியில் அந்த நாற்காலியை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வீட்ல நாலு நல்ல நாற்காலி கெடக்கு. இந்த நொண்டிய எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க? வர்ற பையன் விழுந்து கைய ஒடைச்சிக்கிறதுக்கா?"

"விழுந்தா விழட்டும். எந்திரிச்சு என்ன சொல்றான்னு பார்ப்போம்" என்றேன்.

"உங்களுக்கு வரவர என்னவோ ஆயிடுச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

அவர் வந்தார். ஒல்லியான ஆள், காதோரம் கொஞ்சம் நரை, துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை. உட்கார்ந்தார். ஒரே ஒரு டொக். அவ்வளவுதான் ஐயா, பிறகு சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன், இடது குதிகால் உயர்ந்திருந்தது. அப்படியே டீ குடித்தார், ஒரு சொட்டு சிந்தவில்லை. என் மனைவி கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். போகும்போது நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்ததிலேயே மிகச் சிறந்த குதிகால் அது.

அன்று இரவே மகளிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கல்யாணம் ஆனது. கம்பெனியில் மெக்கானிக் வேலையும் போட்டுக் கொடுத்தேன். நாற்காலியைத் திருப்பிக் கொண்டுபோக மனசு வரவில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கி, தச்சரிடம் கொடுத்து ஒரு காலை ஒரு விரல் அளவு அறுக்கச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் ஒட்டித்தாங்கன்னு வருவாங்க. நீங்க நல்ல கால வெட்டச் சொல்றீங்களே" என்றார். இங்கே உங்களிடம் இருப்பது அந்த இரண்டாவது நாற்காலி.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பழையதில்தான் உட்காருவார். என் மனைவி நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

"பரவால்ல அத்தை, இது பழகிடுச்சு" என்பார். நாளடைவில் அந்த முதல் டொக்கும் நின்றுபோனது. எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு பிடிக்கும். மகன் இல்லாத குறையே தெரியவில்லை.

இப்போது ஆப்பு விஷயம். பெரியசார் எடுத்தவர்களில் கடைசியாக மிச்சமிருந்தவர் அவர்தான். வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு நாள் நேராக என் அறைக்கே வந்து நின்றார். என் மகள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்தக் கட்டடத்து லிஃப்ட் அவர் பொறுப்பில் இருந்தது.

"சார், அதுல பிரேக் சுத்தமா தேஞ்சு போச்சு. மேற்பார்வையாளர்கிட்ட சொன்னேன். 'மன்னிச்சிடுங்க அண்ணே, என்னால முடியாது'ன்னுட்டாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"அது உங்க வேலை. என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"வேற யாருகிட்ட சார் சொல்றது? இங்க பேசறதுக்கு இப்ப ஆளே இல்லையே."

உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். லிஃப்டின் மறுபக்கம் ஒரு எடை தொங்குகிறது. காலிப் பெட்டியைவிட அந்த எடை அதிகம். பிரேக் விட்டுவிட்டால் ஆள் நிறைந்த பெட்டிதான் கீழே போகும். காலிப் பெட்டி மேலே பாயும். கீழே விழுவதைப் பிடிக்க அந்தப் பழைய லிஃப்டில் ஒரு கவ்வி இருக்கிறது. மேலே பாய்வதைப் பிடிக்க ஒன்றும் கிடையாது. நிறுத்திவிட்டுப் பிரேக்கை மாற்றியே ஆக வேண்டும் என்றார்.

எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அதே பழைய மாடல் ஊர் முழுக்க எங்களிடம் இருக்கிறது என்பதும் தெரியும். ஒன்றை நிறுத்தினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மறுநாள் ஆப்புவை வேலையிலிருந்து எடுத்தேன். காரணம், மேலதிகாரியை மதிக்காமல் பேசியது. முதலாளி வரை நான் அதைக் கொண்டுபோகவே இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது, அவரைப் போட்டு இழுக்காதீர்கள். ஒரு ஊழியர் அதிகம் பேசுகிறார் என்றால் அது என் துறை. அதை என் மேசையோடு முடித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டடத்தை வேறு ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். நல்ல குதிகால்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன். "இனிமே படியில ஏறி இறங்கும்மா. நாள் பூரா உக்காந்தே வேலை செய்யற, உடம்புக்கு நல்லது" என்றேன். அவள் சரிப்பா என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அவள் வேலை செய்வது எட்டாவது மாடி.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு அப்பா என்று இருந்தால் இதைக்கூடச் செய்யமாட்டானா.

கொஞ்ச காலம் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஆப்பு சும்மா பூச்சாண்டி காட்டியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் மகள் உண்டானாள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் மகள் படியேறுவதை நிறுத்தவில்லை. அப்பா சொல்லியிருக்கிறாரே.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லாரும் இருந்தோம். மாப்பிள்ளை வழக்கம்போல் அந்த நாற்காலியில். மகள் கணுக்காலைத் தடவிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, எட்டு மாடிப்பா. நடுவுல ரெண்டு எடத்துல உக்காந்து மூச்சு வாங்கிட்டுப் போறேன். இப்பவாவது லிஃப்ட்ல போகட்டுமா?"

"மெதுவா ஏறும்மா. நல்லதுதான்" என்றேன்.

என் மனைவி கரண்டியோடு திரும்பினாள். "உங்களுக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணைப் படியேறச் சொல்றீங்களே. லிஃப்ட் கம்பெனிலதான வேலை பார்க்கறீங்க?"

மகள் சிரித்தாள். "அதான்மா எனக்கும் புரியல. அந்த லிஃப்ட் பேரை எடுத்தாலே அப்பா மொறைக்கிறாரு."

அப்போது கேட்டது. டொக்.

அவ்வளவு காலம் கழித்து முதல்முறையாக. மாப்பிள்ளை கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். ஒரு மெக்கானிக் பார்க்கிற பார்வை அது. ஆப்பு ஏன் போனார் என்று கம்பெனியில் காதில் விழுந்திருக்கும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

டொக். டொக்.

"மாமா," என்றார். "அந்தக் கட்டடத்து லிஃப்ட்ல..."

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். சாப்பிடுவதை நிறுத்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு, தேர்வு அறையில் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். கோபமாக இல்லை. காத்திருக்கிற பார்வை. எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்காலி இன்னொரு முறை சத்தம் போட்டது. பிறகு நின்றது. நான் குனிந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மாமா. தண்ணி எடுங்க அத்தை" என்றார்.

ஐயா, நான் எதையும் மறைக்கமாட்டேன் என்று சொன்னேன் அல்லவா. அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. இவரை நான்தானே எடுத்தேன் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சொம்பை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். அது அவர் பொறுப்பில்லை. சீருடையைப் பார்த்துக் காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டார். "என்னங்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டதற்கு, "வீட்ல மாசமா இருக்காங்க. இனிமே படியேற வேண்டாம்னு சொல்லணும்" என்றாராம். காவலாளி உங்களிடமும் சொல்லியிருப்பார்.

எங்கள் ஆட்கள் பெட்டிக்குள் நின்று வேலை செய்வதில்லை, பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று செய்வார்கள். அவரும் ஏறி நின்றார். பெட்டி காலி. பிரேக் விட்டுவிட்டது. எல்லாரும் லிஃப்ட் விழுந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள், பத்திரிகையில்கூட அப்படித்தான் போட்டிருந்தார்கள். விழவில்லை. ஆப்பு சொன்னதுபோலவே மேலே போனது. மேலே கான்கிரீட் தளம்.

மகள் அப்போது படியில் ஏறிக்கொண்டிருந்தாள். ஆறாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாளாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்னவோ வேகமாக மேலே போகிற சத்தம் கேட்டது, நல்லவேளை நான் இதில் ஏறவில்லை என்று நினைத்தேன் என்று சொன்னாள்.

ஆகவே, என் யோசனை என் மகளையும் பேரக்குழந்தையையும் காப்பாற்றியது. இதை யாரும் பேசுவதில்லை. நீங்களும் குறித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

சரி, நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள், பதில் சொல்கிறேன். அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா என்கிறீர்கள். போதும். போனை எடுத்து, அந்த லிஃப்டை நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருந்தால், மேற்பார்வையாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடிப்போய் நிறுத்தியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆப்பு சொன்னது சரி என்று ஆகிவிடும். அவரை நான் அனுப்பியது தப்பு என்று ஆகும். அவரைத் தப்பாக அனுப்பினேன் என்றால், மற்றவர்களைச் சரியாக எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்த ஆட்கள். கேடயம் இருக்கிறது. முதலாளி கட்டிப்பிடித்தது இருக்கிறது. ஒரு பிரேக்குக்காக அத்தனையையும் அவிழ்த்துப் போட முடியாது.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் மறுநாள் போய்ப் பார்ப்பார் என்பதும் தெரியும். வாயால் சொல்லாதவர்கள் அதை மனசில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவதில்லை, சத்தம் போடாமல் தாங்களே கையால் செய்துவிட்டு வருவார்கள். அதற்காகத்தானே அவர்களை எடுக்கிறேன். போனால் ஏறி நிற்கப்போகிற இடம் எது என்பதும், காலிப் பெட்டி எந்தப் பக்கம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கொடுத்தேன். அன்று இரவு நன்றாகவே தூங்கினேன். கொலை என்ற வார்த்தையை நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவருக்காக நான் வருந்தவில்லை என்று நினைக்காதீர்கள். நல்ல மனிதர். அந்த மாதிரி ஒருவர் கிடைப்பது கஷ்டம். அடக்கம் முடிந்து வந்த பிறகு வீடு நிறைய ஜனம். மகள் நேராகப் போய் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே முன்னும் பின்னும் சாய்ந்தாள். டொக், டொக், டொக். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னையே பார்த்துக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தாள். பாவம், வருத்தத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை அவளுக்கு. பிறகு எழுந்து, மேசைமேல் கிடந்த மாப்பிள்ளையின் பென்சிலை எடுத்து உடைத்து, அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். இப்போது அது ஆடுவதில்லை. என் மனைவி அதை யாரையும் தொடவிடுவதில்லை. அந்த நாற்காலி இனி எதற்கும் உதவாது.

உங்களிடம் இதையெல்லாம் வந்து சொன்னது ஆப்புதான். இல்லை என்கிறீர்கள். மகள் என்கிறீர்கள். வெளியே தாழ்வாரத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், படியேறச் சொன்னதிலிருந்து சாப்பாட்டு மேசைவரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். ஐயா, நீங்கள் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஆட்களைப் பார்த்தவுடன் எடை போடுவது என் தொழில். என் மகளை எனக்குத் தெரியும். அவள் வாய் திறக்கிறவள் இல்லை. வெளியே உட்கார்ந்திருப்பது நிஜம் என்றால், என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருப்பாள்.

அவளுக்கு இன்னும் வயசு இருக்கிறது. குழந்தை பிறக்கட்டும், ஒரு வருடம் போகட்டும், அவசரமில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு துணை பார்த்தாக வேண்டும். தகப்பன் நான் இருக்கும்போது வேறு யார் பார்ப்பார்கள். அதனால் உங்களிடம் ஒரே ஒரு உதவி. உங்கள் கிடங்கில் இருக்கிற அந்த இரண்டாவது நாற்காலியை வழக்கு முடிந்ததும் எனக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை யாரும் அந்தக் காலைச் சரிசெய்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.